‘வீட்டுல சும்மாதான் இருக்கேன்’: இந்தப் பதிலை அளப்பது எப்படி?

“என்ன வேலை பாக்குறீங்க?” என்றால் “வீட்டுல சும்மாதான் இருக்கேன்” என்று பதில் வருகிறது. அப்படிச் சொல்பவருக்கு அரசின் வேலைவாய்ப்புக் கணக்கெடுப்பு 92 என்ற எண்ணைப் போடும்: வீட்டு வேலை மட்டும். கூடவே விறகு பொறுக்கினால், வீட்டுக்குத் துணி தைத்தால் 93. இரண்டு எண்களுமே உழைப்பாளர் கணக்குக்கு வெளியே.

கேள்வியை மாற்றினால் பதிலும் மாறிவிடுகிறது. 2019-இல் நாடு முழுக்க நடந்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு, முந்தின நாள் விடிகாலை 4 மணியிலிருந்து 24 மணி நேரத்தை அரை மணி அரை மணியாகப் பிரித்துக் கேட்டது. சம்பளமில்லாத வீட்டு வேலைக்குப் பெண்கள் நாளொன்றுக்கு 299 நிமிடம், ஆண்கள் 97 நிமிடம். 2024-இல் 289, 88. இடைவெளி அப்படியேதான் இருக்கிறது. இது அந்த வேலையில் கை வைத்தவர்களின் சராசரி மட்டுமே என்பதைக் கவனிக்க வேண்டும். 2019-இல் ஆண்களில் கை வைத்தவர்களே 26.1 சதவீதம்தான், மற்றவர்கள் அந்த 97-க்குள் வரவே இல்லை.

ஆண் சம்பாதிக்க, பெண் அன்பும் அரவணைப்பும் தர, குடும்பம் சீராக ஓடுகிறது என்று 1950-களில் அமெரிக்கச் சமூகவியலாளர் டால்காட் பார்சன்ஸ் விளக்கினார். அந்தச் சீருக்கு யார் எத்தனை மணி நேரம் கொடுக்கிறார்கள் என்பது அவர் விளக்கத்தில் இல்லை. லண்டனில் 40 இல்லத்தரசிகளைப் பேட்டி கண்ட பிரிட்டிஷ் சமூகவியலாளர் ஆன் ஓக்லி அதைத்தான் கேட்டார்: வாரத்துக்குச் சராசரி 77 மணி நேரம். வீட்டு வேலையை வேலையாகவே ஆராய்ந்ததால்தான் இந்த எண் கிடைத்தது.

உங்கள் வீட்டிலும் அளக்கலாம். ஆளுக்கொரு தாளில், அரை மணிக்கு ஒன்றாக 48 கட்டம் போடுங்கள். அவரவர் தாளை அவரவரே, அன்றிரவே நிரப்ப வேண்டும். மனைவிக்காகக் கணவர் சொன்னால் பாதி விட்டுப்போகும்.

அரசுக் கணக்கெடுப்பில் ஒரு கட்டத்துக்கு அதிகபட்சம் மூன்று வேலைகள், ஒவ்வொன்றும் 10 நிமிடமாவது இருக்க வேண்டும். காலை 6 மணிக் கட்டத்தைப் பாருங்கள்: மோட்டார் போட்டு, பால் பொங்காமல் பார்த்து, இட்லி ஊற்றி, பிள்ளையை எழுப்பி, ஜடை பின்னி... ஐந்து ஐந்து நிமிட வேலைகள் அந்த விதியில் காணாமல் போகும். உங்கள் தாளில் எல்லாவற்றையும் எழுதுங்கள்.

ஓரத்தில் இன்னொரு பத்தி விடுங்கள்: ‘ஞாபகம் வைத்தது யார்?’ காய்கறி வாங்கிவந்த 20 நிமிடம் வாங்கிவந்தவருடையது. என்ன தீர்ந்துவிட்டது என்று பார்த்துச் சீட்டு எழுதியவர் யார்? தடுப்பூசித் தேதி, கேஸ் பதிவு எல்லாம் இந்தப் பத்தியில்தான் வரும். யாராவது ‘உதவி செய்தேன்’ என்று எழுதியிருந்தால் அதை அடித்துவிட்டு வேலையின் பெயரையே எழுதச் சொல்லுங்கள்.

ஒரு வேலை நாள், ஒரு ஞாயிற்றுக்கிழமை, இரண்டு நாளும் வேண்டும். ஞாயிறுத் தாளில் ‘ஓய்வு’ என்ற சொல் யார் கட்டங்களில் இருக்கிறது என்று முதலில் பாருங்கள்.