வீட்டுக்காரர் பிரிஸ்பேனில், பாண்ட் பணம் சிட்னியில்

எங்கள் பாண்ட் பணத்தில், அதாவது வாடகை வீட்டுக்குக் கட்டிய முன்பணத்தில், 2,320 டாலர் போன வியாழக்கிழமை கணக்கில் ஏறியது. சிட்னியில் வென்ட்வொர்த்வில் வீட்டைக் காலி செய்து ஏழு மாதம் ஆகிவிட்டது. நடுவில் நான்கு நாள் விடுப்புப் போட்டு அலைந்தேன், அதில் இரண்டு நாள் முழுக்க வீண். அந்த இரண்டு நாள் இன்னொருவருக்கு வீணாகக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

தகராறு எல்லா வீட்டிலும் நடப்பதுதான். வாரம் 620 டாலர் வாடகை, நான்கு வாரப் பாண்ட் 2,480. சாவியைக் கொடுத்த மறுவாரம் ஏஜென்ட் 1,940 டாலருக்கு ஒரு பட்டியல் அனுப்பினார்: ஹாலுக்குப் புதுக் கார்பெட், ஒரு சுவருக்குப் பெயின்ட், உடைந்த ஜன்னல் பிளைண்ட். பிளைண்டை உடைத்தது என் மகள். அதை அன்றே ஒப்புக்கொண்டேன். கார்பெட் நாங்கள் குடிவந்தபோதே நைந்துதான் கிடந்தது.

போகட்டும் என்று விட்டிருப்பேன். பக்கத்து வீட்டு யாழ்ப்பாணத்து அக்காதான் விடவில்லை. “சும்மா விட்டுடாதையுங்கோ தம்பி. வாடகைக்கு இருக்கிற ஆக்களுக்குக் காசு வாங்காமல் ஆலோசனை சொல்லுற இடங்கள் இருக்கு. ஒருக்கா எடுத்துக் கதையுங்கோ” என்றார். எடுத்துப் பேசினேன். வீட்டுக்காரர் பாண்டைக் கேட்கிறார் என்று, அதை வைத்திருக்கும் அரசுத் துறையான ஃபேர் டிரேடிங்கிலிருந்து தகவல் வந்தால் 14 நாளுக்குள் என்கேட்டில், அதாவது நியூ சவுத் வேல்ஸ் சிவில், நிர்வாகத் தீர்ப்பாயத்தில், விண்ணப்பித்துவிட வேண்டும், விண்ணப்பித்ததை ஃபேர் டிரேடிங்குக்கும் எழுத்தில் சொல்லிவிட வேண்டும் என்றார்கள். இல்லாவிட்டால் பணம் அந்தப் பக்கம் போய்விடும். பதினோராம் நாள் இரவு ஆன்லைனில் போட்டேன். அதில் ஒரு சிரமமும் இல்லை.

விசாரணை நாளில் ஒரே நேரத்துக்குப் பல வழக்குகளைக் கூப்பிடுவார்கள். முதலில் சமரசம் பேசச் சொல்வார்கள். பிளைண்டுக்கு 160 டாலர் தருகிறேன் என்றேன். “ஓனரைக் கேட்க வேண்டும், அவர் பிரிஸ்பேனில் இருக்கிறார்” என்றார் ஏஜென்ட். உள்ளே போனதும் தீர்ப்பாய உறுப்பினரிடமும் அதையே சொன்னார். உறுப்பினர் நிமிர்ந்து பார்த்தார். அங்கேயே குடியிருக்கிறாரா, எவ்வளவு காலமாக என்று கேட்டார். இரண்டு வருடமாக அங்கேதான் என்று பதில் வந்தது. “அப்படியானால் இதை விசாரிக்க எனக்கு அதிகாரம் இல்லை” என்றார் உறுப்பினர். ஆறேழு நிமிடத்தில் முடிந்துவிட்டது. புகைப்படங்கள் போட்டுக் கொண்டுபோன கோப்பை நான் திறக்கவே இல்லை.

ஏன் என்று புரிந்துகொள்ள எனக்கு ஒரு வாரம் பிடித்தது. பிரிஸ்பேன் இருப்பது குயின்ஸ்லாந்து மாநிலத்தில், நாங்கள் இருப்பது நியூ சவுத் வேல்ஸில். ஆஸ்திரேலிய அரசியல் சாசனத்தின் 75ஆவது பிரிவு, வெவ்வேறு மாநிலங்களில் வசிக்கும் இருவருக்கு இடையிலான வழக்கைக் கூட்டாட்சி நீதி அதிகாரத்துக்கு உட்பட்டதாக்குகிறது. அந்த அதிகாரத்தை நீதிமன்றம்தான் செலுத்தலாம். என்கேட் தீர்ப்பாயம்தானே தவிர நீதிமன்றம் அல்ல. 2018 ஏப்ரலில் பர்ன்ஸ் எதிர் கார்பெட் வழக்கில் நாட்டின் தலைமை நீதிமன்றமான உயர் நீதிமன்றம் இதை உறுதி செய்தது. அது பாகுபாட்டுப் புகார் தொடர்பான வழக்கு, வாடகைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் 1901இல் நடைமுறைக்கு வந்த சாசனத்தின் ஒரு வரி எங்கள் கார்பெட் வரைக்கும் வந்து நின்றது. இப்படி நடுவில் மாட்டுபவர்களுக்காகவே மாநில நாடாளுமன்றம் தீர்ப்பாயச் சட்டத்தில் 3ஏ என்ற பகுதியைச் சேர்த்திருக்கிறது. நீதிமன்றத்தின் அனுமதி பெற்று அதே வழக்கை அங்கே நடத்தலாம். தீர்ப்பாயத்துக்கு உள்ள அதிகாரம் அந்த வழக்குக்கு மட்டும் நீதிமன்றத்துக்கு வந்துவிடும்.

இது நீதிமன்றக் கவுன்டரில் இருந்தவருக்குத் தெரியவில்லை. பாண்ட் என்றதும் “அது என்கேட், இங்கே இல்லை” என்றார். என்கேட் அனுப்பித்தான் வந்தேன் என்றேன். சிறு கடன் வழக்குப் படிவத்தை எடுத்து நீட்டினார். அதை நிரப்பிக் கொடுத்திருந்தால் இன்னொரு சுற்று அலைந்திருப்பேன். வாங்காமல் திரும்பினேன். இரண்டாம் நாளும் போனது. அடுத்த முறை ஆலோசகர் சொன்னபடி தீர்ப்பாயச் சட்டத்தின் 34பி பிரிவை அச்சிட்டு, தீர்ப்பாயத்தின் உத்தரவையும் சேர்த்துக் கொண்டுபோனேன். அவர் உள்ளே எடுத்துக்கொண்டு போய், இருபது நிமிடம் கழித்து வெளியே வந்து, “சரிதான், வாங்கிக்கொள்கிறோம்” என்றார். அந்த ஒரு வார்த்தையைக் கேட்டபோது எனக்கு வந்த நிம்மதி பணம் வந்தபோதுகூட வரவில்லை.

ஒன்றைக் கவனியுங்கள். முதலில் தீர்ப்பாயத்தில் விண்ணப்பித்திருந்தால்தான் நீதிமன்றம் இந்த அனுமதியைத் தரும். அதனால் வீட்டுக்காரர் வேறு மாநிலம் என்று தெரிந்தாலும் 14 நாளுக்குள் என்கேட்டில் போட்டே ஆக வேண்டும். ஆனால் விசாரணைத் தேதி வரும்வரை என்னைப் போலக் காத்திருக்க வேண்டாம், போட்ட கையோடு ஆலோசகரிடம் பேசுங்கள். தீர்ப்பாயம் கைவிட்ட அன்று மாலையே, வழக்கு நீதிமன்றத்துக்குப் போகிறது, பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள் என்று ஃபேர் டிரேடிங்குக்கு எழுதியதும் நல்லதாயிற்று. வீட்டுக்காரர் கம்பெனியாக இருந்தாலோ, வெளிநாட்டில் இருந்தாலோ இந்தச் சிக்கல் வராது. கான்பெராவும் டார்வினும் மாநிலக் கணக்கில் சேராதவை, அங்கே இருந்தாலும் வராது. ஆங்கிலம் சரளமாக வராதவர்கள் விண்ணப்பத்திலேயே தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேட்டுவிடுங்கள், என்கேட் இலவசமாக ஏற்பாடு செய்யும்.

நீதிமன்றத்தில் அனுமதி கிடைத்தது, விசாரணையும் நடந்தது. ஏஜென்ட் புதுக் கார்பெட்டுக்கு வாங்கிய விலைப்புள்ளியைக் காட்டினார். “பழைய கார்பெட் போட்டு எத்தனை வருடம்?” என்று நீதிபதி கேட்டார். ஏஜென்டுக்குத் தெரியவில்லை. குடிவந்தபோது வீட்டின் நிலையைக் குறித்து நாங்கள் நிரப்பிய கண்டிஷன் ரிப்போர்ட்டைக் கொடுத்தேன். அதை ஏழு நாளுக்குள் நிரப்பித் தர வேண்டும், பலரும் ஒன்றும் எழுதாமல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுகிறார்கள். என் மனைவி ஒவ்வொரு அறையாக உட்கார்ந்து எழுதியிருந்தாள்: ‘ஹால் வாசலருகே நைந்துள்ளது, சோபா ஓரம் கறை.’ தேதியோடு படமும் எடுத்திருந்தாள். நான்கு வருடத்துக்கு முன்னால், பெட்டிகூடப் பிரிக்காத வீட்டில், இதெல்லாம் எதற்கு என்று அவளிடம் எரிந்து விழுந்தவன் நான். நியாயமான தேய்மானத்துக்குக் குடியிருப்பவர் பொறுப்பல்ல என்பது சட்டத்திலேயே இருக்கிறது. கார்பெட்டும் பெயின்ட்டும் தள்ளுபடி. பிளைண்டுக்கு 160 டாலர் மட்டும்.

வாடகை ஒப்பந்தப் படிவத்தில், வீட்டுக்காரர் நியூ சவுத் வேல்ஸில் வசிக்காவிட்டால் எந்த மாநிலம், எந்த நாடு என்று குறிக்க ஓர் இடம் இருக்கிறது. எங்கள் பழைய ஒப்பந்தத்தில் அது காலி. அவர் இடம் மாறியதையும் எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. இப்போது இருக்கும் டூங்காபி வீட்டு ஒப்பந்தத்தை நேற்று எடுத்துப் பார்த்தேன், அதிலும் காலி. வீட்டுக்காரர் எங்கே வசிக்கிறார் என்று கேட்டு இந்த ஏஜென்டுக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். சிட்னியிலேயே, பாரமட்டாவில்தான் என்று இன்று காலை பதில் வந்தது. அதை அச்சிட்டு ஒப்பந்தத்தோடு பின் அடித்து வைத்திருக்கிறேன்.