நாலெழுத்து படிக்காமல் போன பத்து மதிப்பெண்

மூலக்கூறு உயிரியல் தாளில் முதல் தடவை நான் கோட்டை விட்டது என்.பி.எம்.1 மரபணுவில்தான். படிக்காமல் போகவில்லை. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பித்திருப்பேன்: ஐந்தாம் குரோமோசோமின் நீண்ட கரம், புரதத்தின் பெயர் நியூக்ளியோஃபாஸ்மின், 294 அமினோ அமிலங்கள், இருப்பிடம் செல்லின் கருவுக்குள் இருக்கும் நியூக்ளியோலஸ்.

கேள்வி இதில் எதையும் கேட்கவில்லை. "இந்த மரபணுவின் கடைசி எக்ஸானில் நான்கு பேஸ்கள் கூடுதலாக நுழைந்தால், புரதம் நியூக்ளியோலஸை விட்டு சைட்டோபிளாசத்துக்குப் போகிறது. ஏன்?" எக்ஸான் என்பது மரபணுவில் வெட்டி எறியப்படாமல் புரதத்துக்கான செய்தியில் தங்கும் துண்டு, பேஸ் என்பது டி.என்.ஏ.வின் ஓர் எழுத்து. ஃப்ரேம்ஷிஃப்ட் என்று மனசுக்குள் மணி அடித்தது. மூன்று மூன்று எழுத்தாகப் படிக்கும் சட்டகம் நகர்கிறது, வாசிப்பை முடிக்கச் சொல்லும் மூன்றெழுத்தான நிறுத்தக் கோடான் சீக்கிரம் வருகிறது, புரதம் குட்டையாகிப் பயனற்றுப் போகிறது என்று ஒன்றரைப் பக்கம் எழுதித் தள்ளினேன். பத்துக்குப் பூஜ்யம். நியாயமான பூஜ்யம்தான். அந்தப் புரதம் குட்டையாவதே இல்லை, நான்கு அமினோ அமிலம் நீள்கிறது.

இதைப் புரிந்துகொள்ள ஒரு பென்சிலும், எந்த மூன்றெழுத்துக்கு எந்த அமினோ அமிலம் என்று சொல்லும் கோடான் அட்டவணையும் போதும். இயல்பான மரபணுவின் வாலை எழுதுங்கள். 288-ஆம் இடத்திலிருந்து: டிஜிஜி, சிஏஜி, டிஜிஜி, ஏஜிஜி, ஏஏஜி, டிசிடி, சிடிடி, அப்புறம் டிஏஏ என்ற நிறுத்தம். அதற்குப் பின்னால் தொடரும் ஜிஏஏஏஏடிஏஜி என்ற எழுத்துகளையும் எழுதி வையுங்கள். முதல் கோடானும் மூன்றாவது கோடானும் டிஜிஜி, அதாவது டிரிப்டோஃபேன் என்ற அமினோ அமிலம். அந்த இரண்டையும் வட்டமிட்டு வையுங்கள்.

இப்போது முதல் கோடானில் டிஜி என்ற இரண்டு எழுத்துக்குப் பிறகு டிசிடிஜி என்ற நான்கு எழுத்தைச் செருகுங்கள். 'ஏ வகை' எனப்படும், மிக அதிகமாகக் காணப்படும் மாற்றம் இதுதான். மறுபடி மூன்று மூன்றாகப் பிரித்தால் டிஜிடி, சிடிஜி, ஜிசிஏ, ஜிடிஜி, ஜிஏஜி, ஜிஏஏ, ஜிடிசி, டிசிடி, டிடிஏ, ஏஜிஏ, ஏஏஏ, டிஏஜி. பழைய நிறுத்தம் எங்கே போயிற்று? டிடிஏ, ஏஜிஏ என்ற இரண்டு கோடான்களுக்குள் உடைந்து கிடக்கிறது. புரதத்தைக் கட்டும் ரைபோசோம் அதைத் தாண்டிப் போய் அடுத்த நிறுத்தத்தில்தான் நிற்கிறது. ஏழு அமினோ அமிலம் இருந்த இடத்தில் பதினொன்று. மொத்தம் 298.

வட்டமிட்ட டிரிப்டோஃபேன்கள் இரண்டும் காணாமல் போயிருப்பதைப் பாருங்கள். முதலாவது சிஸ்டீன் ஆயிற்று, இரண்டாவது அலனின். புரதத்தின் வால்பகுதி சரியாக மடிந்து நியூக்ளியோலஸில் ஒட்டிக்கொள்ள அவை தேவை. அதோடு, புதிதாக வந்த வாலில் லூசினும் வாலினும் விட்டுவிட்டு அமைந்து, கருவிலிருந்து வெளியேற்றும் குறி ஒன்று உருவாகிவிடுகிறது. எக்ஸ்போர்ட்டின்-1 என்ற புரதம் அதைப் பிடித்து வெளியே கொண்டுபோகிறது. தங்குவதற்கான பிடி போயிற்று, கிளம்புவதற்கான சீட்டு கிடைத்தது. இரண்டையும் எழுதினால்தான் விடை முழுமை. பலரும் ஒன்றை மட்டும் எழுதிவிட்டு வருகிறார்கள்.

இங்கேயே கேட்கப்படும் துணைக்கேள்வி ஒன்று உண்டு, வைவா என்ற வாய்மொழித் தேர்வில் என்னிடமும் கேட்டார்கள்: மரபணுவின் இரண்டு பிரதிகளில் ஒன்றுதானே கெட்டது, இன்னொரு பிரதி நல்ல புரதத்தைத் தருமே? தரும். ஆனால் நியூக்ளியோஃபாஸ்மின் தனியாக வாழும் புரதம் இல்லை. அதன் முன்பகுதி ஐந்தைந்தாகக் கூடி வளையம் கட்டுகிறது. கெட்ட வால் கொண்டவை நல்லவற்றையும் கையோடு இழுத்துக்கொண்டு வெளியேறுகின்றன.

பாடப்புத்தகத்தில் நியூக்ளியோலஸ் அத்தியாயத்தை முழுசாக உருப்போட வேண்டியதில்லை. சவ்வு கிடையாது, மூன்று அடுக்கு, அவ்வளவுதான். உள்ளே நாரிழை மையம், அதைச் சுற்றி ஃபைப்ரில்லரின் என்ற புரதம் இருக்கும் அடர் நாரிழைப் பகுதி, வெளியே குருணைப் பகுதி. நம் புரதம் குருணைப் பகுதியில் குவிந்திருந்து ரைபோசோம் துணை அலகுகள் உருவாவதில் பங்கெடுக்கிறது. ரைபோசோம் ஆர்.என்.ஏ. மரபணுக்கள் 13, 14, 15, 21, 22 ஆகிய குரோமோசோம்களின் குட்டைக் கரங்களில் இருக்கின்றன என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அவற்றில் 5எஸ் என்ற ரைபோசோம் ஆர்.என்.ஏ.வின் மரபணு மட்டும் விதிவிலக்கு, அது முதல் குரோமோசோமில்.

பெயர்க் குழப்பத்தில் நான் இழந்த நாட்கள் தனிக்கதை. பி23, நுமாட்ரின், என்.ஓ.38 என்று படித்து, நாலு புரதத்துக்கு நாலு குறிப்பட்டை தயாரித்து வைத்திருந்தேன். எல்லாம் நியூக்ளியோஃபாஸ்மினேதான்! சி23 மட்டும் வேறு, அது நியூக்ளியோலின். புரதங்களைப் புள்ளிகளாகப் பிரித்துக் காட்டும் இருபரிமாண ஜெல்லில் புள்ளி விழுந்த பகுதிக்கு எழுத்தும் புள்ளிக்கு எண்ணும் கொடுத்ததால் வந்த பெயர்கள்தான் பி23-ம் சி23-ம் என்று தெரிந்த பிறகு குழம்பவில்லை. எக்ஸான் எண்ணிலும் இதே தொல்லை உண்டு. பல கட்டுரைகளில் 12 என்று இருக்கும், சில அட்டவணைகளில் 11. மரபணுவிலிருந்து எடுக்கப்படும் ஆர்.என்.ஏ. பிரதிகளில் (டிரான்ஸ்கிரிப்ட்) எதை வைத்து எண்ணினார்கள் என்பதே வித்தியாசம், "கடைசி எக்ஸான்" என்று எழுதிவிட்டால் வம்பில்லை. புரதத் தகவல் தளமான யூனிப்ராட்டில் பி06748 என்று தேடினால் பெயர்கள் எல்லாம் ஒரே பக்கத்தில் கிடைக்கும்.

நோய்ப் பகுதிக்கு 2005-ஐ மறக்காதீர்கள். இத்தாலியின் ஃபலினி குழு, அக்யூட் மைலாய்டு லுக்கேமியா என்ற இரத்தப் புற்றுநோய் கொண்டவர்களின் மாதிரிகளில் இந்தப் புரதம் சைட்டோபிளாசத்தில் சாயம் ஏறித் தெரிவதைக் கவனித்து, அங்கிருந்து மரபணு மாற்றத்துக்குப் போனது. இடம் மாறியிருந்தது முதலில் கண்ணில் பட்டது, எழுத்து மாறியிருந்தது பிறகு தெரிந்தது. பெரியவர்களுக்கு வரும் இந்த லுக்கேமியாவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கில் இம்மாற்றம் உண்டு. இரண்டாம் குரோமோசோமின் ஏ.எல்.கே. மரபணுவோடு என்.பி.எம்.1 ஒட்டிக்கொள்வது வேறு சமாசாரம், அது ஒரு வகை லிம்ஃபோமாவில் (நிணநீர்ப் புற்றுநோயில்). இரண்டையும் ஒரே பத்தியில் கலக்காதீர்கள்.

இரண்டாம் தடவை கேள்வி கொஞ்சம் மாறி வந்தது: இயல்பான வரிசையைக் கொடுத்து, மாறிய புரதத்தின் கடைசிப் பதினொரு அமினோ அமிலத்தை எழுதச் சொன்னார்கள். விடைத்தாளின் ஓரத்தில் பென்சிலால் மூன்று மூன்றாகப் பிரித்து எழுதிவிட்டேன். ஒரு மதிப்பெண் மட்டும் குறைந்தது. மரபணுப் பெயரைச் சாய்வெழுத்தில், கையால் எழுதும்போது அடிக்கோடிட்டு எழுத வேண்டும். நான் புரதத்துக்கும் சேர்த்து எல்லா இடத்திலும் கோடு போட்டு வைத்திருந்தேன்.