சுண்டெலிக்கு முன்னால் படிவம் பி

வலி நிவாரணியாகுமா என்று பார்க்கப் புதுச் சேர்மங்கள் செய்வதில் எம்.ஃபார்ம் மாணவர்களுக்குப் பெரிய மர்மம் இல்லை. சால்கோன் என்ற மூலப்பொருளோடு ஹைட்ரசின் ஹைட்ரேட் சேர்த்துக் கொதிக்கவைத்துப் பைரசோலின்கள் என்ற வளையச் சேர்மங்களை எடுத்தேன். சுத்தம் பார்க்கும் டி.எல்.சி., உருகுநிலை எல்லாம் பொங்கலுக்குள் முடிந்தன. தர்மபுரியில் இருந்துகொண்டு இதைச் செய்யப்போகிறவர்களுக்கு, அதன் பிறகு பட்ட பாட்டைத்தான் சொல்ல வேண்டும்.

சேர்மத்தின் அமைப்பைக் காட்டும் என்.எம்.ஆர். வரைபடம் எடுக்க மாதிரியைக் கூரியரில் வெளியூர் ஆய்வகம் ஒன்றுக்கு அனுப்பினேன். பணத்தை முன்கூட்டியே வாங்கிக்கொண்டு, வேறு யாருடைய அறிக்கையையோ என் பெயரில் அனுப்பிவைத்தார்கள். என் பைரசோலின் வளையத்துக்கு, வரைபட அளவுகோலில் 3 முதல் 5.5 பிபிஎம்முக்குள் மூன்று இடங்களில் கோடுகள் பிளந்து தெரிய வேண்டும். ஒன்றுகூட இல்லை. என் சேர்மத்தில் இல்லவே இல்லாத எத்தில் தொகுதி மட்டும் 1.3-இல் மூன்றாகவும் 4.2-இல் நான்காகவும் பிளந்து அழகாக நின்றது. கேட்டால், "உங்கள் மாதிரி சுத்தமில்லை" என்கிறார்கள்! கையில் கொஞ்சம் மிச்சம் வைத்திருந்ததால் பிழைத்தேன். இருப்பதை எல்லாம் வழித்து அனுப்பிவிடாதீர்கள்.

அடுத்து, விலங்குச் சோதனைக்கு அனுமதி தரும் விலங்கு நெறிமுறைக் குழு. 1960-ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் வருவது. அது வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. என் சண்டை எழுத்தரோடுதான். துறைத் தலைவரின் கையெழுத்து மேல் முத்திரை ஏறிவிட்டது என்று, அந்த அனுமதிக்கான விண்ணப்பமான படிவம் பி-யைத் திருப்பித் தந்தார். புதிதாக வாங்கிப் போனால், பிரதி ஒன்று குறைகிறதாம். இதை அன்றைக்கே சொல்லியிருக்கலாமே என்றேன். "நீங்கள் கேட்கவில்லையே, தம்பி" என்றார். அதற்குள் விண்ணப்பத்தின் கடைசித் தேதி போய்விட்டது. மத்திய அரசின் நியமன உறுப்பினர் வராமல் கூட்டம் நடக்காது என்பதால், அடுத்த தேதிக்குத் தவம் கிடந்தேன். கடைசியில் குழு கேட்டது ஒரே கேள்வி: ஒரு பிரிவுக்கு ஏன் 6 சுண்டெலி? புள்ளியியல் காரணத்தை எழுதிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

அனுமதி நகல் இல்லாமல் பெங்களூருவில் விலங்கு தரமாட்டார்கள். கோடையில் வாங்கினால் இரவு வண்டியில் அனுப்பச் சொல்லுங்கள். கிருஷ்ணகிரிச் சாலையின் பகல் வெயிலைச் சுண்டெலி தாங்காது.

சோதனையில், வலி உண்டாக்க அசிட்டிக் அமிலம் செலுத்திய சுண்டெலி வயிற்றை உள்ளிழுத்து, உடலை நீட்டி, பின்னங்கால்களை விறைக்கும். இந்த நெளிவு எத்தனை முறை என்று 20 நிமிடம் கண் எடுக்காமல் எண்ண வேண்டும்; குறைந்தால் மருந்து வலியை அடக்குகிறது என்று பொருள். எந்தக் கூண்டில் எந்த மருந்து என்பது எண்ணுபவருக்குத் தெரியக் கூடாது. தோழி ஒருத்தியை உட்காரவைத்தேன். என் சேர்மங்களில் குளோரின் உள்ளது, டைக்ளோஃபெனாக் என்ற வழக்கமான வலி நிவாரணியை நெருங்கி வந்தது. மயக்கத்தில் கிடந்தாலும் எலி நெளியாதே என்றார் வழிகாட்டி. மயங்கிய எலி பிடி தவறி விழும் சுழலும் தண்டில் ஏற்றிப் பார்த்தோம், ஒன்றுகூட விழவில்லை. அன்றைக்கு எங்கள் அறையில் எல்லோருக்கும் டீ என் செலவு.

எலி எவ்வளவு நேரம் சூட்டைத் தாங்குகிறது என்று பார்க்கும் 55 டிகிரி சூட்டுத் தட்டில் பெரிதாக எதுவும் தெரியவில்லை. இதற்குச் சோர்ந்துவிட வேண்டாம். டைக்ளோஃபெனாக் வகை மருந்துகள் பெரும்பாலும் வலி எழும் இடத்தில் வேலை செய்பவை. மூளை, தண்டுவடம் வழியாக வேலை செய்யும் மார்ஃபின் போன்றவைதான் அந்தத் தட்டில் நன்றாகத் தெரியும். வாய்மொழித் தேர்வில் இதைக் கட்டாயம் கேட்பார்கள்.

இப்போது வீக்கத்தையும் பார்க்கச் சொல்கிறார் வழிகாட்டி. அதற்குச் சுண்டெலியைவிடப் பெரிய வெள்ளெலி (ரேட்) வேண்டும். அனுமதியில் இருப்பது சுண்டெலி மட்டும். ஆகவே மறுபடியும் படிவம், மறுபடியும் அதே எழுத்தர். முத்திரையைக் கையெழுத்துக்கு இரண்டு விரல் தள்ளிக் குத்தச் சொல்லியிருக்கிறேன்.