அறுபதாயிரம் யூனிட் பாக்கெட்: வாரத்துக்கு ஒன்றுதான்

திருவனந்தபுரத்திலோ நாகர்கோவிலிலோ இதய ஆப்பரேஷன் முடிந்து வீடு வருகிறவரின் மருந்துப் பையில், பல நேரம் ஒரு வைட்டமின் டி பாக்கெட்டும் கிடக்கும். மற்ற மாத்திரைகளுக்குக் காட்டும் கவனத்தை வீட்டார் இதற்குக் காட்டுவதில்லை. வெறும் சத்து மருந்துதானே என்ற நினைப்பு.

முதலில் ஒன்று: இது இதயத்துக்கான மருந்து அல்ல. அமெரிக்காவில் 25,871 பேரை வைத்துத் தினம் 2,000 யூனிட் கொடுத்துப் பார்த்த வைட்டல் ஆய்வில் மாரடைப்போ பக்கவாதமோ குறையவில்லை. அவர்கள் இதய நோய் வராதவர்கள் என்பதும் உண்மை. ஆப்பரேஷன் ஆனவருக்கு டி-யின் வேலை எலும்பிலும் தசையிலும். அறுத்துக் கம்பியால் கட்டிய நெஞ்செலும்பு ஒன்றுசேர ஆறு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும். அதுவரை நாற்காலியிலிருந்து கை ஊன்றி எழக் கூடாது என்பார்கள். டி மிகவும் குறைந்தவருக்குத் தொடையில் வலு இருக்காது, கை தன்னால் ஊன்றிக்கொள்ளும்; நெஞ்சுக் கம்பியில் இழுவை விழும்.

ரத்தத்தில் டி அளவு பார்க்கும் டெஸ்டை ஆப்பரேஷனுக்கு முன்பே எடுத்துவிடுவது நல்லது. ஆப்பரேஷன் முடிந்த வாரத்தில் எடுத்தால் அளவு பொய்யாகக் குறைந்து காட்டும். இதய-நுரையீரல் இயந்திரத்தில் ரத்தம் நீர்த்துப்போவதும் உடலின் அழற்சியும் காரணம். விட்டுப்போனால் ஆறேழு வாரம் கழித்துப் பார்க்கலாம். மில்லிக்கு 20 நானோகிராமுக்குக் கீழே என்றால் குறைபாடு, 30-க்கு மேல் போதும். கால்சியமும், சிறுநீரகத்தின் வேலையைக் காட்டும் கிரியாட்டினினும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

குறைபாட்டுக்கு வழக்கமாக எழுதுவது 60,000 யூனிட், வாரம் ஒன்று, எட்டு வாரம். மதியச் சாப்பாடு முடிந்ததும் எடுப்பது மேல். கொழுப்போடு சேர்ந்தால்தான் உடம்பில் பிடிக்கும். மற்ற மாத்திரைகளோடு ஒரே டப்பாவில் போட்டால் தினம் ஒன்று என்று போய்விடும். காலண்டரில் ஞாயிற்றுக்கிழமைகளை வட்டமிட்டு, எடுத்ததும் அடித்துவிடுங்கள். தினம் எடுத்தால் ரத்தத்தில் கால்சியம் ஏறும்: குமட்டல், மலச்சிக்கல், தாகம், அடிக்கடி மூத்திரம், புத்தித் தடுமாற்றம். டிகாக்சின் என்ற இதய மருந்து எடுப்பவருக்கு இதயத் துடிப்பே தாறுமாறாகலாம். நீர் பிரிவதற்கான தயாசைடு வகை மாத்திரையும் கால்சியத்தை ஏற்றும். 'ஒரே ஊசியில் முடித்துவிடலாம்' என்று ஆறு லட்சம் யூனிட் ஊசிக்குப் போகவே வேண்டாம். போட்டதைத் திரும்ப எடுக்க முடியாது. ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவருக்கு ஊசி போட்ட தசையில் ரத்தம் கட்டும்.

இதைவிடப் பெரிய கண்ணி வேறு. கடையில் 'கால்சியம் டி3' கேட்டால் கொடுக்கும் அட்டையில் பல நேரம் வைட்டமின் கே2-7-ம் சேர்ந்திருக்கும். 1990 டிசம்பரில் முதன்முதலாகப் பொருத்தப்பட்ட சித்திரா வால்வு போன்ற உலோக வால்வு வைத்தவர்கள் ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரினோ அசிட்ரோமோ ஆயுள் முழுக்க எடுக்கிறார்கள். கே2 அந்த மருந்துக்கு நேர் எதிரி. ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். எண் இறங்கும், வால்வில் ரத்தக்கட்டி பிடிக்கும். அட்டையின் பின்பக்கப் பொடி எழுத்தைக் கண்ணாடி போட்டுப் படியுங்கள். ஏற்கெனவே எடுத்துக்கொண்டிருந்தால் தானாக நிறுத்தவும் கூடாது, ஐ.என்.ஆர். எகிறிவிடும். டாக்டரிடம் சொல்லி, சில நாளில் டெஸ்ட் பாருங்கள்.

வெயில்? நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் அதற்குப் பஞ்சமில்லை. ஆனால் கடற்கரையில் காலை ஆறரை மணி வெயில் இதற்கு உதவாது. உங்கள் நிழல் உங்கள் உயரத்தைவிடக் குட்டையாக இருக்கும்போதுதான் தோலில் டி உண்டாகும். ஜன்னல் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்தாலும் பயனில்லை. பத்து மணிக்கு மேல் கையிலும் காலிலும் இருபது நிமிடம் படட்டும். நெஞ்சுத் தழும்பையும், பைபாஸுக்கு ரத்தக்குழாய் எடுத்த கால் தழும்பையும் ஒரு வருடம் மூடியே வையுங்கள், வெயில் பட்டால் கறுத்துவிடும். இதயத் துடிப்பைச் சீராக்கும் அமியோடரோன் எடுப்பவருக்குத் தோல் வெந்துபோகும். அவர்கள் வெயிலை விட்டுவிடலாம்.

சாளையும் (மத்தி) அயிலையும் (கானாங்கெளுத்தி) கிடைக்கிற ஊர் இது. தேங்காய் அரைப்பைக் குறைத்துக் குழம்பு வையுங்கள். எண்ணெயில் பொரித்தால் மீனின் கொழுப்போடு டி-யும் கொஞ்சம் சட்டியிலேயே தங்கிவிடும். ஆனாலும் ஒரு சாப்பாட்டில் கிடைப்பது சில நூறு யூனிட்தான், குறைபாட்டை அது மட்டும் சரிசெய்யாது. கருவாடு வேண்டாம். அதிலுள்ள உப்பு காலில் நீர் வைக்கும்.