ஐரோப்பிய அரசியல் பொருளாதாரம் படிக்கப் போகிறீர்களா? முதலில் தமிழ்நாட்டு பட்ஜெட்டை எடுங்கள்

ஐரோப்பிய அரசியல் பொருளாதாரத்தில் முதுகலை சேரப் போகிறவர்கள் விமானம் ஏறுவதற்கு முந்தைய ஆறு மாதத்தில் என்ன படிக்க வேண்டும் என்று கேட்டால், என் பதில் தமிழ்நாட்டு பட்ஜெட் உரை. அதை ஒரு தடவை முழுசாக வாசித்துவிடுங்கள். மதுரையில் பி.ஏ. பொருளாதாரமோ அரசியல் அறிவியலோ முடித்தவருக்கு யூரோ மண்டலம் (யூரோவைப் பொது நாணயமாக வைத்திருக்கும் நாடுகள்) பற்றிய பாடத்துக்குள் நுழைய இதைவிட நல்ல வாசல் கிடையாது.

மாநிலத்தின் நிதிப் பற்றாக்குறை, மாநில உற்பத்தி மதிப்பில் 3 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்று நாம் கேட்டுக் கேட்டுப் பழகியிருக்கிறோம். யூரோவுக்கு அடித்தளம் போட்டு 1992-இல் கையெழுத்தான மாஸ்ட்ரிக்ட் உடன்படிக்கையிலும் பற்றாக்குறைக்கு அதே 3 சதவீதம்தான் வரம்பு; கடனுக்கு 60 சதவீதம். தமிழ்நாட்டுக்கென்று தனி ரூபாய் இல்லை. வியாபாரம் படுத்தால் நாணய மதிப்பைக் குறைத்துச் சமாளிக்க முடியாது. 2001-இல் யூரோவுக்குள் வந்த கிரீஸுக்கும் அதே நிலைதான். இதுவரை இரண்டும் ஒன்று. அடுத்துதான் பாதை பிரிகிறது. ரூபாய்க்குப் பின்னால் மத்திய வரி வசூல் இருக்கிறது, அதை மாநிலங்களுக்கு எப்படிப் பங்கிடுவது என்று பரிந்துரைக்கும் நிதிக்குழு இருக்கிறது. 15-ஆவது நிதிக்குழு பகிர்வுக்குரிய வரியில் 41 சதவீதத்தை மாநிலங்களுக்கு ஒதுக்கி, அதில் 4.079 சதவீதத்தைத் தமிழ்நாட்டுக்குத் தந்தது. அது போதுமா என்ற வழக்கு தனி. ஐரோப்பாவில் அப்படி ஒரு பகிர்வே கிடையாது. ஐரோப்பிய ஒன்றியத்தின் பட்ஜெட், உறுப்பு நாடுகளின் மொத்த வருமானத்தில் சுமார் 1 சதவீதம். நாணயம் பொது, வட்டி விகிதத்தை முடிவு செய்வது ஃபிராங்ஃபர்ட்டில் உள்ள மத்திய வங்கி, ஆனால் கஷ்டம் வந்தால் தூக்கிவிடப் பொதுக் கஜானா இல்லை. முதல் பருவத்தில் படிக்கும் பாதிப் பாடம் இந்த ஒரு இடைவெளியைச் சுற்றித்தான் ஓடும். 2020-இல் கொரோனாவுக்காக 75,000 கோடி யூரோ மீட்பு நிதியை ஒன்றியமே சேர்ந்து கடன் வாங்கித் திரட்ட முடிவு செய்தது ஏன் பெரிய திருப்பமாகப் பேசப்படுகிறது என்பதும் அப்போது புரியும்.

நம் பிள்ளைகள் தவறாமல் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. யூரோ நெருக்கடி (2010-ஐ ஒட்டி யூரோ நாடுகள் சில கடனில் மாட்டிக்கொண்டது) என்றதும் 'கிரீஸ் ஊதாரித்தனமாகச் செலவழித்தது' என்று எழுதி முடித்துவிடுவார்கள். கிரீஸ் கணக்கை மறைத்தது உண்மை. 2009-இன் பற்றாக்குறை திருத்தப்பட்டு திருத்தப்பட்டுக் கடைசியில் 15 சதவீதத்தைத் தாண்டியது. 2010 மே மாதம் 11,000 கோடி யூரோ கடனுதவி வந்தது. ஆனால் அயர்லாந்தையும் ஸ்பெயினையும் பாருங்கள். 2007-இல் இரண்டு நாட்டு அரசுகளும் உபரியில் இருந்தன. அயர்லாந்தின் அரசுக் கடன் அப்போது உற்பத்தி மதிப்பில் கால் பங்குதான். விதியை மீறாத நாடு எப்படி விழுந்தது? வங்கிகள் வெளியில் கடன் வாங்கி வீடு கட்டுவதில் கொட்டின. 2008 செப்டம்பரில் அயர்லாந்து வங்கிகளின் பொறுப்பை அந்த நாட்டு அரசு தன் தலையில் ஏற்றுக்கொண்டது. தனியார் கடன் ஒரே இரவில் அரசுக் கடனாக மாறியது. 3 சதவீத விதி அரசின் கணக்கை மட்டும் பார்த்தது, வங்கியின் கணக்கைப் பார்க்கவில்லை. கிரீஸ், அயர்லாந்து இரண்டையும் பக்கத்தில் வைத்து, எது பொதுக் காரணம், எது தனிக் காரணம் என்று பிரிக்கத் தெரிந்தால் முதல் கட்டுரையில் நல்ல மதிப்பெண் உறுதி.

எழுதும் முறையும் மாற வேண்டும். இங்கே 'யூரோவின் நன்மை தீமைகளை விவரி' என்றால் பத்துத் துணைத் தலைப்பு போட்டு அடிக்கோடிட்டால் போதும். அங்கே 3,000 வார்த்தையில் ஒரே ஒரு வாதம் வேண்டும். அதற்கு எதிராக இருப்பதிலேயே வலுவான கருத்தை நீங்களே எடுத்து வைத்துப் பதிலும் சொல்ல வேண்டும். ஒரு பாடத்துக்கு வாரம் மூன்று நான்கு கட்டுரை வரும், ஒவ்வொன்றும் 25, 30 பக்கம். வரிக்கு வரி வாசித்தால் நேரம் போதாது. முன்னுரை, முடிவுரை, அட்டவணை என்ற வரிசையில் வாசித்து, மூன்று வாக்கியம் எழுதுங்கள்: என்ன சொல்கிறார், எதை ஆதாரமாகக் காட்டுகிறார், எந்தத் தகவல் வந்தால் அவர் வாதம் உடையும். மூன்றாவது வாக்கியம்தான் கஷ்டம். அதை இங்கேயே பழகுங்கள்.

படிப்பின் பெயரை மட்டும் பார்த்துச் சேராதீர்கள். பாடப் பட்டியலைத் திறந்து, முதல் பருவத்தில் எக்கனாமெட்ரிக்ஸ் (புள்ளியியலை வைத்துப் பொருளாதாரத்தை ஆராயும் பாடம்) கட்டாயமா என்று பாருங்கள். கட்டாயம் என்றால், ரிக்ரஷன் (ஒன்று மாறும்போது இன்னொன்று எவ்வளவு மாறுகிறது என்ற கணக்கு) அட்டவணையைப் படிக்கவும் ஆர் (R) என்ற புள்ளியியல் மென்பொருளில் ஒன்றை ஓட்டவும் கோடை விடுமுறையிலேயே கற்றுக்கொள்ளுங்கள்.

ஏன் படிக்க விரும்புகிறீர்கள் என்று விண்ணப்பத்தோடு அனுப்பும் நோக்கக் கடிதத்தில் 'சிறுவயதிலிருந்தே ஐரோப்பா மீது ஆர்வம்' என்பது எடுபடாது. ஒரு கேள்வி வேண்டும். மதுரை மல்லிக்கு 2013-இல் புவிசார் குறியீடு, அதாவது அந்த ஊர்ப் பொருளுக்கு மட்டுமே அந்தப் பெயர் என்ற முத்திரை, கிடைத்தது. இன்றும் மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் முகூர்த்த நாளில் விலை ஏறுகிறது, மறுநாள் இறங்குகிறது. விவசாயி கையில் பிடி இல்லை. இத்தாலியில் பார்மிஜானோ ரெஜ்ஜியானோ பாலாடைக்கட்டிக்கும் குறியீடு உண்டு. அங்கே உற்பத்தியாளர் கூட்டமைப்பு, எவ்வளவு தயாரிக்கலாம் என்று திட்டமிடுகிறது. 2012-இல் வந்த ஐரோப்பிய ஒன்றியச் சட்டம் அதற்கு இடம் கொடுத்தது. பாலாடைக்கட்டியை மாதக்கணக்கில் வைத்திருக்கலாம், பூ சாயங்காலத்துக்குள் வாடிவிடும் என்ற வேறுபாட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரே மாதிரி முத்திரை ஏன் ஓரிடத்தில் பேரம் பேசும் பலத்தைத் தருகிறது, இன்னோரிடத்தில் பெயரோடு நிற்கிறது? இப்படிக் கேட்டால் தேர்வுக்குழு நிமிர்ந்து உட்காரும்.

இனி காகித வேலை. ஜெர்மனியில் பல பல்கலைக்கழகங்கள் நம் மதிப்பெண்ணை ஒரு சூத்திரத்தால் மாற்றுகின்றன: உச்ச மதிப்பெண்ணிலிருந்து உங்கள் மதிப்பெண்ணைக் கழித்து, உச்சத்துக்கும் தேர்ச்சி மதிப்பெண்ணுக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுத்து, 3-ஆல் பெருக்கி, 1-ஐக் கூட்ட வேண்டும். 70 சதவீதம், தேர்ச்சி 40 என்றால் 30-ஐ 60-ஆல் வகுத்து, அரை, முடிவு 2.5. ஜெர்மனியில் 1-தான் உச்சம், எண் கூடக் கூட மதிப்பெண் குறைவு. பல படிப்புகளின் எல்லைக்கோடு அதுதான். தேர்ச்சி மதிப்பெண் 40 என்பது மதிப்பெண் பட்டியலில் அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலரிடம் கடிதம் வாங்கிவிடுங்கள். கிரெடிட்டும் அப்படித்தான். நம் மூன்று வருட இளங்கலை 140 கிரெடிட். ஐரோப்பிய முறையில் அதே மூன்று வருடம் 180. நம் 4 கிரெடிட் தாள் அங்கே சுமார் 5. 'மூன்று ஆண்டு, மொத்தம் 140' என்று எழுத்தில் இல்லாவிட்டால் 4-ஐ 4 என்றே எண்ணி, பொருளாதாரத் தாள்கள் போதவில்லை என்று திருப்பிவிடுவார்கள்.

அதைவிட அதிகம் படுத்துவது இனிஷியல். மதிப்பெண் பட்டியலில் 'கே', பாஸ்போர்ட்டில் அப்பாவின் முழுப் பெயர் குடும்பப் பெயராக. நமக்குச் சாதாரணம், அங்கே இரண்டு ஆள். இரண்டும் ஒருவரையே குறிக்கும் என்று நோட்டரியிடம் பிரமாணப் பத்திரம் எடுத்து, எல்லா விண்ணப்பத்தையும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே நிரப்புங்கள்.

ஜெர்மனி என்றால் 2022 நவம்பரிலிருந்து ஏபிஎஸ் (APS) சான்றிதழ், அதாவது நம் கல்விச் சான்றுகள் உண்மையானவை என்று சரிபார்த்துத் தரும் சான்று, கட்டாயம். கட்டணம் 18,000 ரூபாய். கடைசிப் பருவ மதிப்பெண்ணுக்காகக் காத்திருந்து தாமதிப்பவர்கள்தான் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள். விசாவுக்கு, மாதாமாதம் குறிப்பிட்ட தொகை மட்டும் எடுக்க முடிகிற முடக்கப்பட்ட கணக்கில் (blocked account) ஒரு வருடத்துக்கு 11,904 யூரோ காட்ட வேண்டும், மாதம் 992 வீதம் கைக்கு வரும். பிரிட்டன் என்றால் விசாவுக்குக் காட்டும் பணம் தொடர்ந்து 28 நாள் கணக்கில் இருக்க வேண்டும். நடுவில் ஒரே ஒரு நாள் குறைந்தாலும் விசா மறுக்கப்படலாம். அந்த 28 நாளும் அந்தக் கணக்கிலிருந்து எந்தத் தவணையும் தானாகப் பிடிக்கப்படாமல் வங்கியில் முதலிலேயே நிறுத்தி வையுங்கள். ஐரோப்பிய ஒன்றியம் கூட்டு முதுகலைப் படிப்புகளுக்குத் தரும் எராஸ்மஸ் முண்டஸ் உதவித்தொகை மாதம் 1,400 யூரோ, ஆனால் பல படிப்புகளுக்கு டிசம்பர் முதல் பிப்ரவரிக்குள் கதவு மூடிவிடும். அதனால் பரிந்துரைக் கடிதத்துக்கு ஆசிரியரிடம் ஆகஸ்டிலேயே போய் நில்லுங்கள். போகும்போது உங்கள் கேள்வியை ஒரு பக்கத்தில் எழுதி எடுத்துப் போங்கள்.