பின்வரிசைக் குரல்

“பல்லுக்குள் பாடாதே. அடிவயிற்றிலிருந்து வரட்டும்.” சரளி வரிசை சொல்லித்தந்த நாட்களில் எங்கள் சங்கீத ரீச்சர் என்னிடம் ஓயாமல் சொன்னது இது. எட்டாம் வகுப்பில் எனக்குக் குரல் உடைந்தது. என் வயதுப் பையன்கள் தேவாரம் பாடும் வரிசையிலிருந்து மெல்ல நழுவினார்கள். ரீச்சர் என்னை விடவில்லை. “கட்டைக்குரலும் குரல்தான்” என்று பின்வரிசையில் நிறுத்தினார். மார்கழியில் விடியுமுன் சங்கும் சேமக்கலமுமாகத் திருப்பள்ளியெழுச்சி பாடித் தெருத்தெருவாகப் போனபோதும் பின்னால்தான் நடந்தேன். முன்னால் போகிறவர் முதலடி எடுப்பார், நாங்கள் வாங்கிப் பாடுவோம். ஒருவர் கையிலும் புத்தகம் இருக்காது.

பாடசாலை எனக்குத் தந்தவற்றில் லண்டனில் மிகவும் கைகொடுத்தது இந்தப் பழக்கம்தான்.

இலங்கையில் தமிழர்களுக்கு எதிராக நடந்த 1983 யூலைக் கலவரத்துக்குப் பிறகு வந்து சேர்ந்தவர்களில் நானும் ஒருவன். 1986இல் ஒரு மாலை, வேலை முடிந்து ட்ரபல்கார் சதுக்கத்தில் பஸ்ஸுக்கு நின்றேன். எதிர்ப்புறம் ஒரு பெண் முதலடி எடுக்க, கூட்டம் வாங்கிப் பாடியது. மொழி விளங்கவில்லை. ஆனால் பாடும் முறை எனக்குத் தெரிந்த முறை. பஸ்ஸை விட்டுவிட்டு அந்தப் பக்கம் போனேன்.

தென்னாபிரிக்கத் தூதரகத்தின் வாசல் அது. கட்டடத்தின் மூலையில் பொன்முலாம் பூசிய மான் ஒன்று பாய்ந்து நிற்கும். அதற்குக் கீழே அந்த ஆண்டு ஏப்ரல் 19ஆம் திகதி தொடங்கிய மறியல், நெல்சன் மண்டேலா விடுதலையாகும்வரை இரவு பகலாகத் தொடரும் என்றார்கள். மறியலை நடத்திய குழுவை உருவாக்கியவர் நோர்மா கிற்சன். நிறவெறி அரசின் சிறையில் 20 ஆண்டுகள் கிடந்த டேவிட் கிற்சனின் மனைவி. தாதிகள், மாணவர்கள், ஓய்வூதியர்கள், நாடுகடந்து வந்த தென்னாபிரிக்கர்கள் என்று யார் வந்தாலும் பாட்டில் இடமிருந்தது. வெள்ளிக்கிழமைகளில் நானும் போகத் தொடங்கினேன்.

பாடுவது எளிதாக வரவில்லை. நம் சங்கீதத்தில் எல்லோரும் ஒரே சுரத்தில் சேர்வோம். அங்கே நான்கு குரல்கள் நான்கு வழியில் போகும். என் காது பக்கத்துக் குரலின் பின்னாலேயே ஓடியது. அருகில் நின்ற தென்னாபிரிக்க முதியவர் ஒருவர், விரல் நுனி கிழிந்த கம்பளிக் கையுறையால் என் முழங்கையில் தாளம் தட்டி, கீழ்க்குரலை என் காதோடு பாடிக் காட்டுவார். தட்டு நின்றால் நான் தவறிவிட்டேன் என்று பொருள். பிடித்துக்கொள்ள எனக்கு மூன்று மாதம் ஆனது.

மறியலின் பெரிய பாட்டு, ‘இறைவா, ஆபிரிக்காவை ஆசீர்வதி’ என்று தொடங்கும் ‘என்கோசி சிகெலெலி’. யோகன்னஸ்பேர்க் அருகே மிஷன் பாடசாலை ஆசிரியராக இருந்த ஈனொக் சொன்ரொங்கா 1897இல் இயற்றியது. அவர் அதை நம் ச ரி க ம போன்ற சுர எழுத்துகளிலேயே எழுதி வைத்தார் என்று அறிந்தபோது ரீச்சரின் கரும்பலகை கண்முன் வந்தது. வுயிசிலே மினி பற்றிச் சொன்னவரும் அந்த முதியவர்தான். தொழிற்சங்கவாதி, பாடலாசிரியர், ஆழ்ந்த கீழ்க்குரல்காரர். 1964 நவம்பரில் பிரிட்டோரியாவில் பாடிக்கொண்டே தூக்குமேடைக்குப் போனார். அதன்பிறகு என் வரிசையில் நான் ஒருநாளும் அரைக்குரலில் பாடியதில்லை.

ஒரு பாட்டை மட்டும் என்னால் முழுதாகப் பாட முடிந்ததில்லை. இறந்தவர்களுக்காகப் பாடுவது. ‘நாங்கள் என்ன செய்தோம்?’ என்ற ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வரும். கொழும்பில் எரிந்த எங்கள் வீதி நினைவுக்கு வந்துவிடும். அப்போதெல்லாம் முழங்கையில் தட்டு நிற்காது. அவர் எனக்கும் சேர்த்துப் பாடுவார்.

1990 பெப்ரவரி 11, ஞாயிற்றுக்கிழமை. மண்டேலா சிறையிலிருந்து நடந்து வந்துவிட்டார் என்ற செய்தியோடு சதுக்கம் நிரம்பியது. அழுகையும் ஆட்டமுமாக இருந்தது. எப்போதும் முதலடி எடுக்கும் அந்தப் பெண் முன்னால் வந்து நின்றார். வாய் திறந்தது, குரல் வரவில்லை. தொண்டை அடைத்துவிட்டது. மறுபடியும் முயன்று தலையை அசைத்தார்.

முதியவர் என் முழங்கையில் ஒருமுறை தட்டினார். அடிவயிற்றிலிருந்து எடுத்தோம், பின்வரிசை நாங்கள். மூன்றாம் அடியில் அந்தப் பெண்ணும் வந்து சேர்ந்துகொண்டார்.