குட்டை நாற்காலிகள்

வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது மாதமே, முதலாளியின் அப்பா சேர்த்து வைத்திருந்த நாற்காலிகளைக் குப்பைக்கு அனுப்பப் பார்த்தவன் நான்.

நியூயார்க்கில், புரூக்ளினின் பரோ பார்க் பகுதி. 13ஆவது அவென்யூவுக்குப் பக்கத்துத் தெருவில் வயர், சுவிட்ச், பிரேக்கர் விற்கும் மொத்தக் கடையில் எனக்குக் கணக்கு எழுதும் வேலை. 'டி' (D) தடத்து மெட்ரோ ரயிலிலிருந்து இறங்கினால் கறுப்புக் கோட்டும் தொப்பியுமாக ஆண்கள், கடைப் பலகைகளில் அவர்கள் பேசும் இத்திஷ் மொழி எழுத்து. பழைய ஆசாரத்தை விடாத ஹசிதிய யூதர்கள் நெருங்கி வாழும் இடம். சனிக்கிழமை கடை கிடையாது. வெள்ளியன்று பொழுது சாய்வதற்குள் ஓய்வுநாள் தொடங்கிவிடும் என்பதால், குளிர்காலத்தில் மதியம் 1 மணிக்கே ஷட்டர் இறங்கிவிடும். பாதி அதற்காகவே அந்த வேலை எனக்குப் பிடித்துப்போனது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

வருடக் கடைசியில் ஸ்டாக் எடுத்தபோது கிடங்கின் பின்மூலையில் 6 மர நாற்காலிகள் இருந்தன. கால்களைப் பாதிக்குமேல் அறுத்திருந்தார்கள். முதுகில் வெள்ளைப் பெயின்ட்டில் 1 முதல் 6 வரை எண். பக்கத்தில் ஐம்பது அறுபது மடக்கு நாற்காலிகள், ஒரு பெட்டி நிறையப் பிரார்த்தனைப் புத்தகங்கள். எதுவுமே பதிவேட்டில் இல்லை. குட்டைகளை மட்டும் 'சேதம்' என்று எழுதி வாசலில் போடச் சொல்லிவிட்டேன்.

பெரியவருக்கு எழுபது தாண்டியிருந்தது. கடையை மகனிடம் ஒப்படைத்துவிட்டாலும் தினமும் 10 மணிக்கு வந்துவிடுவார். அன்று வாசலிலிருந்து ஒரு நாற்காலியைத் தூக்கிவந்து என் மேசைக்கு முன்னால் போட்டு உட்கார்ந்தார். மேசை விளிம்புக்கு மேல் அவருடைய தொப்பியும் கண்களும் மட்டும் தெரிந்தன.

"இது உடைந்ததில்லை. இதன் உயரமே இவ்வளவுதான்" என்றார்.

யூதர் வீட்டில் சாவு விழுந்தால், அடக்கம் முடிந்ததும் நெருங்கிய உறவுக்காரர்கள் 7 நாள் வீட்டோடு துக்கம் இருப்பார்கள். அதற்குப் பெயர் ஷிவா. எபிரேயத்தில் ஏழு என்று பொருள். தாழத்தான் உட்கார வேண்டும், அதற்குத்தான் குட்டை நாற்காலி. விசாரிக்க வருகிறவர்களுக்கு மடக்கு நாற்காலி. தொழுகையும் அந்த வீட்டிலேயே நடக்கும், 10 ஆண்கள் கூட வேண்டும், அவர்களுக்குப் புத்தகம். எல்லாவற்றையும் இவர் இரவல் கொடுப்பார். காசு கிடையாது. இப்படிப்பட்ட ஏற்பாட்டை கெமாக் என்கிறார்கள். கல்யாண உடை, தொட்டில் என்று எதற்கும் அங்கே யாராவது ஒருவர் வீட்டு நிலவறையில் ஒரு கெமாக் இருக்கும்.

பணத்துக்கும் உண்டு. சக யூதரிடம் வட்டி வாங்கக் கூடாது என்பது அவர்கள் வேதமான தோராவின் கட்டளை. 1892இல் நியூயார்க்கில் யூதர்கள் தொடங்கிய வட்டியில்லாக் கடன் சங்கம் ஒன்று இன்றும் நடக்கிறது, மற்ற மதத்தாருக்கும் கொடுக்கிறது. பெரியவருடையது அவ்வளவு பெரிய சமாசாரம் இல்லை, ஒரு சட்டைப்பை நோட்டு. வரிக்கு இரண்டு எபிரேய எழுத்து, ஒரு தொகை, யூத நாட்காட்டிப்படி தேதி. 500 டாலர், 1200 டாலர். பெயரே இல்லை. மதுரையில் மீட்டர் வட்டிக்காரன் வாசலில் நின்று கத்தியதைப் பார்த்து வளர்ந்தவன் நான். யார் இவர்கள் என்று கேட்டுவிட்டேன்.

"உனக்குத் தெரிந்தால், நாளைக்கு அவர் கடைக்கு வரும்போது உன் முகத்தைப் பார்க்கக் கூசுவார்."

சில நாள் ஒரு போன் வரும். எதுவும் சொல்லாமல் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். டாக்டரைப் பார்க்கப் போகிறார் என்றே வெகுநாள் நினைத்திருந்தேன். இறந்தவரைக் குளிப்பாட்டி, வெள்ளைத் துணி உடுத்தி அடக்கத்துக்குத் தயார் செய்யும் ஹெவ்ரா கதீஷா என்ற குழுவில் அவர் இருந்தார். செத்தவரால் பதில் உபகாரம் செய்ய முடியாது, அதனால் அதுதான் கலப்படமில்லாத உதவி என்று அவர்கள் மரபில் சொல்வார்கள். பிள்ளைகளுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்பது வேறு விஷயம். "சின்ன வயதில் எனக்குக் கோபம்தான். எங்கள் மேசையில் அப்பாவின் சூப் ஆறிக்கொண்டே இருக்கும்" என்று முதலாளி ஒருமுறை சொன்னார். ஆனால் வியாழக்கிழமை மாலை 4 மணிக்குமேல் பெரியவரை யாராலும் பிடிக்க முடியாது. பேரன்கள் கிடங்கில் வயர் உருளைகள்மேல் உட்கார்ந்து அந்த வாரத் தோராப் பகுதியை ஒப்பிப்பார்கள். தப்பு விட்டால் திருத்த மாட்டார், லேசாக இருமுவார். மகனுக்கு விட்டுப்போனதைப் பேரன்களுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார் என்று எனக்குத் தோன்றும்.

ஒரு ஜனவரி இரவு இறந்துபோனார். மறுநாள் மதியமே அடக்கம். மூன்றாம் நாள் நான் போனேன். பூ வாங்காதே, மணி அடிக்காதே, கதவு திறந்தேதான் இருக்கும், அவர்கள் பேசும்வரை நீ பேசாதே என்று கடைப் பையன் சொல்லி அனுப்பினான். நம்மூர்ச் சாவு வீட்டிலும் 'வாங்க' கிடையாது, 'போய்ட்டு வர்றேன்' கிடையாது. அதனால் எனக்கு அது கஷ்டமாக இல்லை.

கண்ணாடிகளைத் துணியால் மூடியிருந்தார்கள். மகன்கள் நான்கு பேரும் இடது மார்புப் பக்கம் கிழித்த சட்டையோடு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். முதலாளிக்கு 4ஆம் எண் நாற்காலி. நான் அதையே பார்ப்பதை அவர் கவனித்துவிட்டார்.

"சேதம்" என்றார்.

அப்புறம் என்னைக் கைகாட்டி, தம்பிகளுக்கு அந்தக் கதையைச் சொல்லச் சொன்னார். சொன்னேன். மேசைக்கு மேலே தொப்பியும் கண்ணும் தெரிந்த இடத்தில் கடைசித் தம்பி வாய்விட்டுச் சிரித்துவிட்டான்.

நோட்டு என் மேசைக்கு வந்தது. அடுத்த சில மாதங்களில் ஒவ்வொருவராக வந்தார்கள். பணத்தை வைத்துவிட்டு இரண்டு எழுத்தை மட்டும் சொல்வார்கள். நான் நிமிராமல் அந்த வரியில் டிக் போடுவேன். வருடக் கடைசியில் 3 வரி மிச்சமிருந்தது. தள்ளுபடி எழுதிவிடவா என்று கேட்டேன்.

"அப்பா எழுதியதை அடிக்க வேண்டாம். அப்படியே இருக்கட்டும்."

சரி என்று ஸ்டாக் பதிவேட்டை எடுத்தேன். அந்த வருடம்தான் முதல்முறையாக அந்த வரியை எழுதினேன்: நாற்காலி, குட்டை, 6. வெளியே 4. இருப்பு 2.